பேய்க்கதைய எப்படி விசாரிக்கிறது: எலினார் சிட்ஜ்விக் காட்டின வழி

மொதல்ல இந்தக் கேள்விய மெதுவா ஒரு தடவ படிச்சுடுங்க. "நல்லா முழிச்சிட்டுத்தான் இருக்கோம்னு நீங்க நம்பிட்டு இருந்த நேரத்துல, உயிருள்ள ஒருத்தரையோ ஏதாவது ஒரு பொருளையோ பார்த்த மாதிரியோ, அது உங்கள தொட்ட மாதிரியோ, ஒரு குரல் கேட்ட மாதிரியோ தெளிவா ஒரு உணர்வு உங்களுக்கு எப்பவாவது வந்ததுண்டா, நீங்க தேடிப் பார்த்த வரைக்கும் வெளியில அதுக்கு எந்தக் காரணமும் இல்லாம?"

1889ல ஆரம்பிச்சு 17,000 பேர்கிட்ட இதக் கேட்டிருக்காங்க. பேய்ங்கற வார்த்தையோ ஆவிங்கற வார்த்தையோ எங்கயும் இல்ல பாருங்க. "பேய் பார்த்திருக்கியா"ன்னு கேட்டா பயந்தவன் ஒண்ணு சொல்வான், வெக்கப்படறவன் வேற சொல்வான், கதை விட ஆசப்படறவன் இன்னொண்ணு சொல்வான். இந்தக் கேள்வி அதுக்கெல்லாம் இடமே கொடுக்கல, என்ன பார்த்தே, என்ன கேட்டே, முழிச்சிருந்தியா, காரணம் தேடினியா, அவ்ளோதான்.

இந்த வேலையோட முதுகெலும்பா இருந்தவங்க எலினார் சிட்ஜ்விக். 1845ல ஸ்காட்லாந்துல விட்டிங்ஹாம்ங்கற ஊர்ல பால்ஃபோர் குடும்பத்துல பொறந்தவங்க, பின்னால பிரிட்டிஷ் பிரதமரா ஆன ஆர்தர் பால்ஃபோர் இவங்க தம்பி. கணக்குல பெரிய ஆர்வம். தங்கச்சி வீட்டுக்காரர் லார்ட் ரேலே கூட கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் லேப்ல உக்காந்து, மின்தடைய அளக்கற 'ஓம்' மாதிரி மின்சார அளவுகள துல்லியமா அளக்கற வேலைய செஞ்சு, ராயல் சொசைட்டி வெளியீட்டுல ரெண்டு பேர் பேரும் சேர்ந்து கட்டுரைங்க வந்திருக்கு. கேம்பிரிட்ஜ் பொண்ணுங்களுக்கு முழு பட்டம் கொடுத்ததே 1948ல தான், அத யோசிச்சுப் பார்த்தா இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். 1892ல இருந்து 1910 வரைக்கும் நியூன்ஹாம் காலேஜ் பிரின்ஸிபல். கணவர் ஹென்றி சிட்ஜ்விக் தத்துவப் பேராசிரியர், பேய், டெலிபதி மாதிரி விஷயங்கள விசாரிக்கறதுக்குன்னு 1882ல லண்டன்ல ஆரம்பிச்ச சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச்சுக்கு முதல் தலைவர்.

இவங்க பேர் மறைஞ்சு போனதுக்கு ஒரு காரணம் கண்ணு முன்னாடியே இருக்கு. அந்த 17,000 பேர் சர்வேவோட ரிப்போர்ட் 1894ல வந்தப்ப எழுதினவங்கன்னு போட்டிருந்த பேரே "பேராசிரியர் சிட்ஜ்விக் கமிட்டி". சிட்ஜ்விக்னா எல்லாரும் கணவரத்தான் நினைச்சாங்க. அதுல உழைச்ச எலினாரும், நியூன்ஹாம்ல விலங்கியல் படிச்ச ஆலிஸ் ஜான்சனும் கமிட்டி லிஸ்ட்ல வெறும் ரெண்டு பெயரா நிக்கறாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், அதனாலதான் அவங்க முறைய வச்சே இந்த கைட எழுதறேன். உங்க வீட்டுல, ஊர்ல, ஆபீஸ்ல யாராவது "நான் பார்த்தேன்"னு ஒரு கதை சொன்னா அத எப்படி விசாரிக்கிறது, அதுதான் விஷயம்.

தேவைப்படறது ஒரு நோட்டு, ஒரு பேனா, நெறைய பொறுமை. மீட்டர், நைட் விஷன் கேமரா எல்லாம் வாங்காதீங்க, இவங்க கண்டுபிடிச்ச முக்கால்வாசி விஷயம் பேப்பர்லயே கெடச்சது.

பார்த்தவங்ககிட்டயே போங்க

"எங்க சித்தப்பாவோட ஃப்ரெண்டு பார்த்தாராம்"னு ஆரம்பிக்கற கதைய நோட்டுல ஏத்தாதீங்க. சித்தப்பாவோட ஃப்ரெண்டு நம்பர வாங்கி அவர்கிட்ட பேசுங்க, அவர் இல்லன்னா அந்தக் கதைய அங்கயே விட்டுடுங்க. கல்லு மனசு மாதிரி தெரியும், ஆனா கேட்ட கதைய எவ்ளோ தோண்டினாலும் கேட்ட கதைதான் வரும்.

பார்த்தவர் கெடச்சா, அவர் கையாலயே எழுதித் தரச் சொல்லுங்க, இல்ல அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுங்க, அவரோட வார்த்தையிலேயே. நடுவுல பேசாதீங்க. "வெள்ளப் புடவையா கட்டியிருந்தா?"ன்னு நீங்க கேட்டீங்கன்னா அந்தப் புடவை அந்த நிமிஷத்துல இருந்து கதைக்குள்ள போயிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. "என்ன பார்த்தீங்க", "அப்புறம் என்ன ஆச்சு", "எங்க நின்னுட்டு இருந்தீங்க", "வெளிச்சம் எங்கேந்து வந்துச்சு", இந்த மாதிரி மட்டும் கேளுங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு வாரம் கழிச்சு மறுபடி போய் இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

அடுத்தது எனக்கு இந்த மொத்த வேலைலயும் ரொம்ப முக்கியமா படற கேள்வி. அதக் கேக்க மறந்தா மத்த எதுவும் பிரயோஜனமில்ல. "விஷயம் தெரிய வர்றதுக்கு முன்னாடி இத யார்கிட்டயாவது சொன்னீங்களா, எங்கயாவது எழுதினீங்களா?"

ஏன்னா உலகத்துல அதிகமா சொல்லப்படற கதை இதுதான், தூரத்துல ஒருத்தர் சாகற நேரத்துல இங்க அவர் உருவம் தெரிஞ்சது. சாவு செய்தி வந்தப்புறம் சொன்னா அது ஒரு கதை, வர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, இல்ல டைரில தேதி போட்டு எழுதியிருந்தா, அது சாட்சி.

இத அந்த சொசைட்டி அடி வாங்கித்தான் கத்துக்கிச்சு. 1884ல அதுல முக்கியமா இருந்த கர்னி, மையர்ஸ் ரெண்டு பேரும் ஒரு பெரிய பத்திரிகைல ஒரு கேஸ் போட்டாங்க. சொன்னவர் சர் எட்மண்ட் ஹார்ன்பி, ஷாங்காய்ல பிரிட்டிஷ் கோர்ட்டோட தலைமை நீதிபதி. 1875 ஜனவரில ஒரு நாள் ராத்திரி, வழக்கமா தீர்ப்பு விவரம் வாங்க வர்ற ஒரு பத்திரிகை ஆசிரியர் தன்னோட பெட்ரூமுக்கே வந்து கேட்டதாவும், இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கிட்டு போனதாவும், முழிச்ச மனைவிகிட்ட அப்பவே நடந்தத சொன்னதாவும், காலையில பார்த்தா அந்த மனுஷன் ராத்திரி அதே நேரத்துக்கு செத்துப்போயிருந்தார்னு தெரிஞ்சதாவும் எழுதினார். நீதிபதி சொல்றார், மனைவி சாட்சி, இதுக்கு மேல என்ன வேணும்னு எல்லாருக்கும் தோணுச்சு.

கொஞ்ச மாசத்துல ஷாங்காய் பக்கத்துலேந்து ஒருத்தர் லெட்டர் போட்டார். அந்த ஆசிரியர் செத்தது நடுராத்திரி இல்ல, காலைல எட்டு ஒன்பது மணி வாக்குல. அந்தச் சாவப் பத்தி விசாரணை நடந்ததாவும் ஹார்ன்பி சொல்லியிருந்தாரே, அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. எல்லாத்துக்கும் மேல, அந்த ஜனவரில ஹார்ன்பிக்கு மனைவியே கெடையாது, மூணு மாசம் கழிச்சு ஏப்ரல்லதான் கல்யாணம் ஆச்சு. அவர் பொய் சொல்லல, அதுதான் இதுல பயமா இருக்கற விஷயம். ஒன்பது வருஷத்துல அவர் ஞாபகம் தானாவே கதைய அழகா கட்டி முடிச்சிருக்கு, இல்லாத மனைவிய பக்கத்துல படுக்க வச்சிருக்கு. ஒரு கல்யாணப் பதிவையும் ஒரு பழைய பேப்பரையும் முன்னாடியே பார்த்திருந்தா அந்தக் கேஸ் அச்சுக்கே போயிருக்காது.

அதனால தேதி, நேரம், எடம், இத்தன மணிக்கு இன்னார் எங்க இருந்தார், எல்லாத்தையும் வெளிய இருந்து சரி பாருங்க. இறப்புச் சான்றிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பழைய தந்தி, பஸ் டிக்கெட், இப்ப காலத்துல வாட்ஸ்அப் மெசேஜோட நேரம்.

என் பெரியம்மாகிட்ட நானே இதப் பண்ணிப் பார்த்தேன். வேற ஊர்ல இருந்த அவங்க அண்ணன் வாசல்ல வந்து நின்னத பார்த்தேன்னு சின்ன வயசுலேந்து சொல்லிட்டு இருந்தாங்க, எங்களுக்கெல்லாம் மனப்பாடம். சாப்பாடு முடிஞ்சு வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தப்ப மெதுவா கேட்டேன், "பெரிம்மா, தந்தி வர்றதுக்கு முன்னாடி இத யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?" ரொம்ப நேரம் யோசிச்சாங்க. கையில இருந்த சுண்ணாம்பு காஞ்சே போச்சு. "இல்லடா, தந்தி வந்து எல்லாரும் அழும்போதுதான் சொன்னேன்." அப்புறம் அவங்களே, "அன்னிக்கா பார்த்தேன், அதுக்கு மொத நாளான்னு இப்ப நீ கேக்கும்போதுதான் தெரியல"ன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல. நோட்டுல அவங்க சொன்னத அப்படியே எழுதி, பக்கத்துல "செய்தி வந்த பிறகு சொன்னது"ன்னு மட்டும் போட்டேன். அண்ணன நினைச்சு அவங்க அழுதாங்க, அந்தப் பாசம் உண்மை, அதுக்கு யாரும் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வேண்டியதில்ல. பெரியவங்ககிட்ட விசாரிக்கும்போது இது மனசுல இருக்கட்டும், மடக்கிட்டோம்னு மூஞ்சில ஒரு சந்தோஷம் தெரிஞ்சாலே அடுத்த தடவ யாரும் உங்ககிட்ட வாய தொறக்க மாட்டாங்க.

அஞ்சு சல்லடை

1885ல எலினார் ஒரு கட்டுரை எழுதினாங்க, செத்தவங்க உருவம் தெரிஞ்சதா சொசைட்டிக்கு வந்த கதைங்கள பத்தி. சுமார் 370 கதை, ஒண்ணொண்ணா படிச்சிருக்காங்க. ஒவ்வொரு கதையையும் அஞ்சு விதமா சலிச்சாங்க. ஒருத்தன் வேணும்னே ஏமாத்தியிருக்கலாம். சொல்றவங்க மிகைப்படுத்தியோ, முக்கியமானத விட்டோ சொல்லியிருக்கலாம். இருக்கற பொருளையே வேறயா பார்த்திருக்கலாம், கொடியில தொங்கற சட்ட ஆள் மாதிரி தெரியறது போல. உண்மையான ஒரு ஆளையே வேற ஆள்னு நினைச்சிருக்கலாம். கடைசியா, மூளையே உருவாக்கின மாயத்தோற்றமா இருக்கலாம்.

நீங்க இத அப்படியே எடுத்துக்கலாம், நோட்டுல ஒவ்வொரு கதைக்குக் கீழயும் அஞ்சு வரி விட்டு, ஒவ்வொண்ணுக்கும் "முடியும்", "முடியாது", "ஏன்"னு எழுதுங்க. "ஏன்" எழுதாம "முடியாது"ன்னு போடக்கூடாது. நாலாவது சல்லடைய ஜனங்க சாதாரணமா விட்டுடறாங்க. மங்கின வெளிச்சத்துல வேற ஒரு நிஜ மனுஷன் நடந்து போனாரா, வீட்டுல யார் யார் இருந்தாங்க, வேலைக்கு வர்றவங்க எத்தன மணிக்கு வந்தாங்க, பக்கத்து வீட்டு மாடிலேந்து இறங்கி வர வழி இருக்கா, இதெல்லாம் நடந்து போய் பாருங்க. அதே நேரத்துக்கு, அதே வெளிச்சத்துல, அவங்க நின்ன அதே எடத்துல நீங்க நில்லுங்க.

அத்தனையும் சலிச்சப்புறம் எலினார் என்ன சொன்னாங்க தெரியுமா, நியாயமான சந்தேகத்தோட முடிஞ்ச அளவு முயற்சி பண்ணியும், மனுஷங்க சாட்சிய அந்த அளவுக்கு நம்பாம இருக்க தன்னால முடியலன்னும், ஒரு வீட்டுல வேற வேற காலத்துல குடியிருந்த வேற வேற ஆளுங்க, முன்னாடி எதுவும் கேள்விப்படாமலே ஒரே மாதிரி உருவத்த பார்த்திருக்காங்கங்கறத தற்காலிகமாவாவது ஏத்துக்க வேண்டியிருக்குன்னும் எழுதினாங்க. "தற்காலிகமாவாவது"ங்கற அந்த வார்த்தைய நான் ரொம்ப மதிக்கறேன்.

இன்னொண்ணும் கவனிச்சாங்க. கதைப் புத்தகத்துல வர்ற பேய்க்கும் சாட்சி சொல்றவங்க பார்த்ததுக்கும் ஒட்டவே இல்ல. பழைய வீடாத்தான் இருக்கணும்னு இல்ல, அங்க கொலை நடந்திருக்கணும்னு இல்ல, வந்த உருவம் பழி வாங்கறதுக்கோ புதையல் காட்டறதுக்கோ வரல, எந்த நோக்கமும் இல்லாம நடந்து போகுது, அவ்ளோதான். உங்ககிட்ட வர்ற கதைல காரணம், பழி, புதையல்னு எல்லாம் சுத்தமா பொருந்தி வந்தா, எங்கயோ யாரோ தச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க.

வீட்டுக்குள்ள சோதிக்கணும்னா

இதுக்கு எலினார விட்டு இன்னொரு பொண்ண கூப்பிடறேன். செல்டன்ஹாம் ஊர்ல ஒரு வீடு, 1882ல இருந்து சில வருஷம் கறுப்பு விதவை உடையில உயரமா ஒரு பெண் உருவம், கைக்குட்டையால முகத்த மறைச்சுக்கிட்டு, மாடிப்படில இறங்கி டிராயிங் ரூம்குள்ள போகும். அத முதல்ல பார்த்தது அந்த வீட்டுப் பொண்ணு ரோஸினா டெஸ்பார்ட், அப்ப பத்தொம்பது வயசு வாக்கு, பின்னால டாக்டருக்குப் படிச்சவங்க. அலறி ஓடல. என்ன பண்ணாங்கன்னா, மெல்லிசான நூல படிக்கட்டுக்குக் குறுக்க வேற வேற உயரத்துல கட்டி, ரெண்டு பக்கமும் பசை உருண்டையால லேசா ஒட்டி வச்சாங்க, ஒரு பாவாடை ஓரம் பட்டாலும் பிச்சிட்டு விழணும், ஆனா வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியக்கூடாது. எல்லாரும் படுக்கப் போனப்புறம் கட்டினாங்க. உருவம் அந்த நூலுக்குள்ளயே நடந்து போனத பார்த்தேன்னும், நூல் அப்படியே இருந்துச்சுன்னும் பதிவு பண்ணியிருக்காங்க.

இதுல நாம எடுத்துக்க வேண்டியது அந்த நூல்தான். மனுஷன் நடந்தா அறுந்திருக்கும், அறுந்திருந்தா விஷயம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எது நடந்தா என் எண்ணம் தப்புன்னு ஆகும்ங்கறத முன்னாடியே முடிவு பண்ணிட்டு அப்புறம் சோதனை வைக்கணும். நீங்க செய்யறதா இருந்தா தையல் நூல், கொஞ்சம் மெழுகு, தரையில மாவு போதும். மாவு தூவறத வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதீங்க, நூல் கட்டினத ஃபோட்டோ எடுத்து நேரத்தோட வச்சுக்கங்க, காலைல மொதல்ல எழுந்து பார்க்கறது நீங்களா இருக்கணும்.

ரோஸினா இன்னொரு நல்ல காரியம் பண்ணாங்க, நடந்தத அப்பப்ப வெளியூர்ல இருந்த தோழிக்கு லெட்டரா எழுதி அனுப்பினாங்க, அதனால அந்தந்த நேரத்துப் பதிவு ஒண்ணு இருந்துச்சு. அந்த ரெக்கார்ட 1892ல சொசைட்டி வெளியிட்டப்ப மார்ட்டன்ங்கற மாத்துப் பேர்லதான் போட்டாங்க, வீடு எதுன்னும் வெளிய விடல. நீங்களும் அப்படியே பண்ணுங்க. பேய் வீடுன்னு பேர் வாங்கின வீட்டுல வாடகைக்கு யாரும் வர மாட்டாங்க, அந்தக் குடும்பத்துக்கு பாதிப்பு வரக்கூடாது.

ஆவியோட பேசறதா சொல்ற மீடியம், சாமியாடி, குறி சொல்றவர்னு யாராவது முன்னாடி உக்காந்து சோதிக்கணும்னா அது வேற கஷ்டம். அந்தக் காலத்துல சிலேட்டு எழுத்து பெரிய பரபரப்பு, ரெண்டு சிலேட்டுக்கு நடுவுல துண்டு பென்சில வச்சு மேசைக்குக் கீழ பிடிச்சா கறகறன்னு சத்தம் வரும், தொறந்தா ஆவி எழுதின பதில் இருக்கும். இதுல பேர் வாங்கினவர் வில்லியம் எக்ளிண்டன். 1886ல எலினார் தயங்காம எழுதிட்டாங்க, இது கை வித்தைதான்னு. நேர்ல பார்த்தவங்க ஏகப்பட்ட பேர் கோவிச்சுக்கிட்டாங்க, "நாங்க கண்ண எடுக்காம பார்த்தோமே"ன்னு. அப்ப டேவின்னு ஒருத்தர், அவரே அந்த வித்தைய பழகி, வந்தவங்களுக்கு செஞ்சு காட்டி, பார்த்தத எழுதித் தரச் சொன்னார். 1887ல அவரும் சொசைட்டிய சேர்ந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சனும் சேர்ந்து அத வெளியிட்டாங்க. படிச்சவங்க, புத்திசாலிங்க, அத்தனை பேர் எழுதினதுலயும் முக்கியமான சின்னச் சின்ன அசைவு விட்டுப்போயிருந்துச்சு, நடந்த வரிசை மாறியிருந்துச்சு, செய்யாத பரிசோதனைய செஞ்சதா எழுதியிருந்தாங்க. அதனால "நான் கண்ண எடுக்கல"ங்கறத சாட்சியா எடுத்துக்காதீங்க, உங்களுடையதையும் சேர்த்து. ரெண்டு பேர் போங்க, ஒருத்தர் கையை மட்டும் பாருங்க, ஒருத்தர் எழுதிட்டே இருங்க, ஃபோன ஒரு எடத்துல அசையாம ரெக்கார்டிங்ல வச்சுடுங்க.

நம்ம ஊர் அடையாறுக்கும் இதுல ஒரு தொடர்பு இருக்கு. தியாசாபிகல் சொசைட்டிங்கற ஆன்மிக சங்கத்த ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பிளாவட்ஸ்கி அம்மையார் காலத்துல, அங்க ஒரு ரூம்ல சுவத்துல மாட்டின மர அலமாரி இருந்துச்சு, அதுக்குள்ள மகாத்மாக்கள் லெட்டர் தோணும்னு சொன்னாங்க. 1884 கடைசில ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் மெட்ராஸ் வந்து விசாரிச்சார், அந்தக் கமிட்டில எலினாரும் இருந்தாங்க. அவர் வர்றதுக்குள்ள அலமாரி எரிக்கப்பட்டுடுச்சு. அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பிளாவட்ஸ்கியோட பெட்ரூம், நடுவுல ஓட்டை வழியா வச்சிருக்கலாம்னு 1885 ரிப்போர்ட் சொல்லுச்சு. மோசடின்னு தீர்ப்பு. ஆனா 1986ல அதே சொசைட்டியோட பத்திரிகைலயே வெர்னான் ஹாரிசன் எழுதினார், அந்த ரிப்போர்ட் ஒருதலையா இருக்கு, கையெழுத்து ஆதாரம் நிக்கலன்னு. நூறு வருஷம் கழிச்சு தன்னோட தீர்ப்பையே எதிர்த்து ஒருத்தர் எழுத எடம் கொடுத்தாங்களே, அதுக்கு வழி பண்ணது அவங்க வச்சிருந்த விரிவான பதிவுதான். உங்க நோட்டையும் இன்னொருத்தர் தப்பு கண்டுபிடிக்கற மாதிரி எழுதுங்க.

இல்லன்னு சொன்னவங்களையும் எண்ணுங்க

இதுதான் கணக்குக்காரியான எலினாரோட பெரிய கொடை. 1890லயே ஒரு வேலை பண்ணியிருந்தாங்க, காலேஜ் படிச்சா பொம்பளைங்க ஒடம்பு கெட்டுப்போகும்னு டாக்டருங்களே சொல்லிட்டு இருந்த காலம், இவங்க ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ்ல படிச்ச பொண்ணுங்க ஆரோக்கியத்த, அவங்க கூடப் பொறந்த, காலேஜ் போகாத அக்கா தங்கச்சிங்க ஆரோக்கியத்தோட ஒப்பிட்டாங்க. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, படிப்பு மட்டும்தான் வித்தியாசம். படிச்சவங்க ஒடம்பு ஒண்ணும் கெடலன்னு காட்டிட்டாங்க. எதோட ஒப்பிடறோம்ங்கற அந்தக் கேள்வியத்தான் பேய்க்கதைக்கும் கொண்டு வந்தாங்க.

அந்த 17,000 பேர் சர்வேக்கு 410 பேர் போய் கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் இருபத்தஞ்சு பேரோட பதில எழுதற ஃபார்ம், இருபத்தோரு வயசுக்கு மேல இருக்கணும், அனுபவம் இருக்குன்னு தெரிஞ்சவங்களா பார்த்து பொறுக்கக் கூடாது. கனவு, ஜுர மயக்கம் மாதிரி பொருந்தாததெல்லாம் கழிச்சப்புறம் 1,684 பேர் ஆமான்னு நின்னாங்க, அதாவது 9.9 சதவீதம். பத்துல ஒருத்தர்! நல்ல புத்தியோட இருக்கற, வேலைக்குப் போற, சாதாரண மனுஷங்க. உங்ககிட்ட யாராவது "நான் ஒண்ணு பார்த்தேன்"னு சொன்னா அவங்களுக்கு மனநோய்னு முத்திரை குத்தக்கூடாதுங்கறதுக்கு இந்த ஒரு நம்பரே போதும்.

அப்புறம்தான் சாவுக் கணக்கு. அன்னிக்கு இங்கிலாந்து வேல்ஸ்ல வருஷத்துக்கு ஆயிரம் பேர்ல 19.15 பேர் சாகறாங்க. அப்ப குறிப்பிட்ட ஒரு ஆள் குறிப்பிட்ட ஒரு நாள்ல சாக வாய்ப்பு சுமார் 19,000ல ஒண்ணு. நீங்களே போட்டுப் பாருங்க, ஆயிரத்த 19.15ஆல வகுத்து 365ஆல பெருக்குங்க. தெரிஞ்ச, உயிரோட இருக்கற ஒருத்தரோட உருவத்த பார்த்தேன்னு சொன்ன அனுபவங்கள்ல 19,000ல ஒண்ணு தற்செயலா சாவோட ஒத்துப் போகலாம். இவங்க கணக்குல வந்தது 43க்கு ஒண்ணு, சுமார் 1,300க்கு 30, சாவுக்கு முன்ன பின்ன பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள.

இந்த 1,300 எப்படி வந்துச்சுங்கறதுல கொஞ்சம் நில்லுங்க. உண்மையா சொன்னவங்க எண்ணிக்கை அதுல கால்வாசி வாக்குதான். பதில்கள வருஷ வாரியா அடுக்கிப் பார்த்தப்ப, போன வருஷம் பார்த்தது நெறைய இருக்கு, பழைய வருஷங்கள்ல திடீர்னு கொறையுது. அப்படின்னா ஜனங்க மறந்துட்டாங்க. எத மறப்பாங்க? சும்மா தெரிஞ்சு மறைஞ்சத மறப்பாங்க, சாவோட ஒத்துப் போனத சாகற வரைக்கும் மறக்க மாட்டாங்க. அப்ப கையில இருக்கற எண்ணிக்கைய அப்படியே வச்சா சாவோட ஒத்தது பெருசா தெரியும். அதனால மத்தத நாலு மடங்கு ஆக்கினாங்க, சாவோட ஒத்துப் போன கதைகள்ல சந்தேகம் இருக்கறதெல்லாம் வெட்டி முப்பதுக்குக் கொண்டு வந்தாங்க. தான் நம்ப ஆசப்படற முடிவுக்கு எதிராவே கணக்க ரெண்டு பக்கமும் இழுத்து வச்சாங்க. நான் இந்த எடத்த எத்தன தடவ படிச்சாலும் எனக்கு அந்த அம்மா மேல மரியாதை கூடுது.

அதுக்கப்புறமும் அவங்க, சாவுக்கும் அந்த உருவத்துக்கும் தற்செயல மீறின ஒரு தொடர்பு இருக்குன்னு நிரூபணமாயிடுச்சுன்னு எழுதினாங்க. என் கருத்து என்னன்னா, கணக்கு சரி, உள்ள போன சாட்சிங்கதான் பலவீனம், செய்தி வர்றதுக்கு முன்னாடியே எழுதி வச்ச கேஸ் ரொம்பக் கொறச்சல், ஹார்ன்பி மாதிரி எத்தன ஞாபகம் உள்ள இருந்துச்சோ. அதனால நீங்க சின்ன அளவுல செய்யும்போது, ஒரு ஐம்பது பேர்கிட்ட கேட்டா கூட, இல்லன்னு சொன்ன நாப்பத்தஞ்சு பேரையும் தேதியோட எழுதுங்க, "எப்ப நடந்துச்சு"ன்னு வருஷமும் கேளுங்க, பழசு கொறையுதான்னு பாருங்க.

எண்ணத்த கடத்தறது, அதாவது டெலிபதி சோதனை செய்யறவங்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். ஹென்றியும் எலினாரும் பிரைட்டன்ல நம்பர் வச்சு செஞ்சப்ப ஒரே ரூம்ல உக்காந்தா வெற்றி ஏராளம், வேற ரூமுக்குப் போனா விழுந்துடுச்சு. பின்னால டென்மார்க்லேந்து ரெண்டு பேர், தன்ன அறியாம முணுமுணுக்கறது காதுல விழுந்திருக்கலாம்னு சொன்னாங்க. சுவர் ஒண்ணு நடுவுல இல்லாம செஞ்ச டெலிபதி சோதனைய நோட்டுல ஏத்தாதீங்க.

நோட்டோட கடைசிப் பக்கம்

1908ல எலினார் அந்த சொசைட்டிக்கு தலைவரானாங்க, முதல் பெண் தலைவர். 1915ல, எழுபது வயசுல, பாஸ்டன் மீடியம் மிஸஸ் பைப்பர் மயக்க நிலைல பேசறத அலசி அறுநூறு பக்கத்துக்கு மேல எழுதினாங்க. 1932ல சொசைட்டியோட அம்பதாவது வருஷம், இவங்களுக்கு எண்பத்தேழு. வரலாற எழுதிக் கொடுத்தாங்க, தம்பி ஜெரால்டு பால்ஃபோர் மேடையில படிச்சார். படிச்சு முடிச்சுட்டு, அக்கா அனுமதியோட சொல்றேன்னு ஒண்ணு சேர்த்துக்கிட்டார், சாவுக்கு அப்புறமும் மனுஷன் இருக்கான்ங்கறதுலயும், செத்தவங்களுக்கும் இருக்கறவங்களுக்கும் நடுவுல தொடர்பு நடக்குதுங்கறதுலயும் அவங்களுக்கு உறுதியான நம்பிக்கை உண்டுன்னு. கட்டுரைக்குள்ள அவங்க அத எழுதல.

நீங்களும் நோட்டோட கடைசிப் பக்கத்த தனியா விட்டுடுங்க, உங்களுக்கு என்ன தோணுதுங்கறத அங்க மட்டும் எழுதுங்க. மத்தவங்களுக்கு ஜெராக்ஸ் கொடுக்கும்போது அந்தப் பக்கத்த எடுத்துட்டு கொடுங்க. அவங்க படிச்சு முடிச்சு அவங்க முடிவ எழுதினப்புறம் ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாருங்க.